எட்டு மாதம் பழகியிருக்கிறோம், மோதிரம் மாற்றலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 27 வயது, அவருக்கு 30. சிநேகிதியின் கலியாண வீட்டில் சந்தித்து எட்டு மாதமாகப் பழகுகிறீர்கள். அவருடைய கனடா விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறது. ஆவணிக்குள் நிச்சயதார்த்தத்தை வைத்து, அன்றைக்கே எழுத்தையும் (கலியாணப் பதிவையும்) முடித்துவிடுவோம் என்கிறார் அவருடைய அம்மா. உங்கள் வீட்டிலும் "நாலு பேர் பார்க்கிறார்கள், சும்மா இழுத்துக்கொண்டு இருக்க ஏலாது" என்கிறார்கள். உங்களோடு வேலை செய்யும் அக்காவோ, இரண்டு வருடமாவது பழகாமல் ஓம் சொல்லாதே என்கிறார். ஆகவே எத்தனை மாதம் பழகினால் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "நான் நேரம் கேட்டால் அவரை நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரோ" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருப்பது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் கொழும்பில் 19 வருடமாக, தம்பதியருக்கும் கலியாணத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கும் உளவளத்துணை செய்து வருகிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். இதில் ஒரு குறை இருக்கிறது. சிக்கல் வந்தவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். மூன்று மாதம் பழகி மோதிரம் மாற்றி முப்பது வருடம் சந்தோஷமாக இருக்கிறவர்கள் என் கதவைத் தட்டுவதில்லை. ஆகவே நான் பார்த்ததை வைத்து எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. சட்டம் பற்றியும் கொஞ்சம் சொல்லப்போகிறேன். அந்த இடத்தில் ஒரு சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் காலக்கணக்கைப் பற்றி ஆராய்ச்சி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் டெட் ஹியூஸ்டன் என்ற ஆய்வாளர் 1981 இல் மணமுடித்த 168 தம்பதியரைப் பதின்மூன்று வருடத்துக்கு மேலாகத் தொடர்ந்து பார்த்தார். சேர்ந்தும் சந்தோஷமாகவும் இருந்தவர்கள் கலியாணத்துக்கு முன்பு சராசரியாக 25 மாத அளவில் பழகியிருந்தார்கள். மிக வேகமாக, ஒரே மயக்கத்தில் முடிவெடுத்தவர்களில் பலர் பிற்காலத்தில் ஏமாற்றத்தோடு பிரிந்தார்கள். இன்னொரு பக்கம், சண்டையும் சமாதானமுமாக வருடக்கணக்கில் இழுபட்டுக் கலியாணத்துக்கு வந்தவர்களில் பலர் ஆரம்பத்திலேயே பிரிந்தார்கள். அதாவது நீளமாகப் பழகினால் எல்லாம் சரி என்ற கணக்கும் பிழை. பிறகு 2014 இல் எமரி பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர்கள் இருவர், கலியாணம் செய்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் கலியாணப் பேச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், ஒன்று முதல் இரண்டு வருடம் பழகியவர்கள் பிரியும் வாய்ப்பு 20 வீதம் அளவில் குறைவு. மூன்று வருடமோ அதற்கு மேலோ பழகியவர்களுக்கு 39 வீதம் அளவில் குறைவு. அதே ஆய்வில், மோதிரத்துக்கும் கலியாணச் செலவுக்கும் அதிகம் கொட்டியவர்கள் கூடுதலாகப் பிரிந்திருந்தார்கள். நிறையச் சனத்தைக் கூப்பிட்டுச் செய்தவர்கள் குறைவாகப் பிரிந்திருந்தார்கள். செட்டியார் தெருவில் மோதிரம் பார்க்கப் போகும்போது இது ஞாபகத்தில் இருந்தால் நல்லது.

இந்த எண்களை நான் எவ்வளவு நம்புகிறேன்? ஓரளவுக்குத்தான். பொறுமையான சுபாவம் உள்ளவர்கள் மெதுவாக முடிவெடுப்பார்கள், அதே சுபாவம்தான் கலியாணத்தையும் காப்பாற்றும். அப்படியிருக்க, காத்திருந்ததால்தான் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்வது கடினம். அதோடு இரண்டும் அமெரிக்காவில் எடுத்த கணக்கு. அங்கே இரண்டு வருடம் பழகினோம் என்றால் சனி ஞாயிறு முழுக்க ஒன்றாக இருந்து, சமைத்து, பயணம் போய், பல பேர் ஒரே வீட்டில் வசித்தும் பார்த்திருப்பார்கள். இங்கே எட்டு மாதம் என்றால் என்ன? நீங்கள் எழுதியபடி, கிழமைக்கு ஒரு நாள், வேலை முடிந்து காலிமுகத்திடலிலோ மரைன் டிரைவிலோ சந்திப்பு. ஏழரைக்குள் வீட்டில் நிற்கவேண்டும். சனிக்கிழமை ஒரு சாப்பாடு. தாராளமாகக் கிழமைக்கு நாலு மணித்தியாலம் என்று வைத்தாலும், 34 கிழமைக்கு 136 மணித்தியாலம். ஆறு நாள்கூட முழுதாக வரவில்லை. வட்ஸ்அப்பில் இரவிரவாகக் கதைத்ததை இதில் சேர்க்கலாம்தான், ஆனால் ஃபோனில் யாரும் பசியோடு இருப்பதில்லை, யாருக்கும் கை வேலையாக இருப்பதில்லை, பிடிக்காத கேள்வி வந்தால் "சிக்னல் இல்லை" என்று சொல்லவும் முடியும்.

ஆகவே மாதத்தை எண்ணுவதை நான் பல வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டேன். ஆரம்பத்தில் நானும் உங்கள் அக்காவைப் போலத்தான், வருகிற எல்லாரிடமும் இரண்டு வருடம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை மாற்றியது ஒரு சோடி. ஆட்களை அடையாளம் தெரியாதபடி விவரத்தை மாற்றித்தான் சொல்கிறேன். பல்கலைக்கழகக் காலத்திலிருந்து ஏழு வருடக் காதல். நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டு மாதம். ஒரு தலைப்பிலும் பிரச்சினை இல்லை, சும்மா ஒருமுறை பேசிவிட்டுப் போவோம் என்றுதான் வந்தார்கள். நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று: "கலியாணத்துக்குப் பிறகு எங்கே இருக்கப்போகிறீர்கள்?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அவர் "அம்மாவோடு, தெஹிவளையில்" என்றார். அவள் "எங்கள் வீட்டு மேல்மாடியில்" என்றாள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை பெருவிரலால் மோதிரத்தைச் சுற்றத் தொடங்கினாள், அந்த ஒரு மணித்தியாலமும் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவருடைய அம்மா விதவை, அவர் ஒரே பிள்ளை. தனியாக விட முடியாது என்பது அவருக்குக் கேள்வியே இல்லை. மேல்மாடியை அப்பா மகளுக்கென்றே கட்டினார் என்பது அவளுக்கும் கேள்வியே இல்லை. ஏழு வருடத்தில் எத்தனை மணித்தியாலம் கதைத்திருப்பார்கள்! அந்த ஒன்றை மட்டும் கதைக்கவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நாலு மாதத்தில் மோதிரம் திரும்பிப் போனது.

இதற்கு நேரெதிரான ஒரு சோடியும் இருக்கிறது. 2022 இல் பெற்றோல் வரிசை நின்ற காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது அவர்கள் பழகத் தொடங்கி ஐந்து மாதம்தான். அவருடைய மோட்டார் சைக்கிளுக்காக வரிசையில் நின்றார், அவள் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், அவருக்கு முன்னால் நாலு வண்டி மட்டும் இருக்கும்போது பெற்றோல் முடிந்துவிட்டது. ஆட்கள் பம்பில் நின்ற பெடியனைப் பிடித்துத் திட்டுகிறார்கள். இவர் திட்டவில்லை. பேசாமல் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தவர், அவளிடமும் எரிந்து விழவில்லை. வழியில் நின்று அந்தச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து, "நீயும் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாய்" என்றாராம். "டொக்டர் குறிப்பு எழுதித் தந்த மாதிரி எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது" என்று அவள் என்னிடம் சொன்னாள். ஒரு வருடம் நிறைவதற்குள் நிச்சயம் செய்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நான் எதைப் பார்த்திருக்கவேண்டும் என்கிறேன் என்றால், ஆள் களைத்திருக்கும்போது, தோற்றிருக்கும்போது, "இல்லை" என்று கேட்கும்போது எப்படி இருக்கிறார் என்பதை. உங்களிடம் காட்டும் முகம் வேறு, முச்சக்கரவண்டிக்காரரிடமும் வீட்டில் வேலைக்கு வரும் அம்மாவிடமும் காட்டும் முகம் வேறாக இருக்கலாம். கடைசியில் உங்களுக்கும் அந்த இரண்டாவது முகம்தான் கிடைக்கும். ஒரு முறையாவது சரியாகச் சண்டை பிடித்திருக்கவேண்டும். சண்டைக்குப் பிறகு யார் முதலில் வருகிறார், வந்து என்ன சொல்கிறார், மூன்று நாள் பேசாமல் இருந்து தண்டிக்கிறாரா என்பது தெரிந்திருக்கவேண்டும். எட்டு மாதத்தில் ஒரு சண்டையும் வரவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. ஒருவேளை இரண்டு பேரும் நல்ல பொருத்தமாக இருக்கலாம். ஒருவேளை நீங்கள் விட்டுக்கொடுத்துக்கொண்டே வருகிறீர்களோ தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

பெரியவர்கள் பேசிச் செய்யும் பேச்சுக்கால் கலியாணத்தில் ஆறு மணித்தியாலம்கூடப் பழகாமல் செய்கிறார்களே, அது நிற்கவில்லையா என்று உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே பழக்கம் இல்லையே தவிர, விசாரிப்பு இருந்தது. மாப்பிள்ளையின் ஒஃபிஸில் ஒரு ஆள், பக்கத்து வீட்டில் ஒரு ஆள், ஊரில் தாய்வழிச் சொந்தத்தில் ஒரு ஆள் என்று பிடித்து, குடிப்பாரா, கடன் இருக்கிறதா, முன்பு ஏதும் பேசிக் குழம்பியதா என்று மாமாமார் தோண்டியெடுத்துக்கொண்டு வருவார்கள். (அந்த விசாரிப்பில் சாதியையும் தோண்டினார்கள், அதை நான் நல்லது என்று சொல்லவரவில்லை.) காதலித்தால் அந்த வேலையை யாரும் செய்வதில்லை. தாங்களாகத் தேடிக்கொண்டதுதானே என்று வீட்டார் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகவே அந்த விசாரிப்பை நீங்களே செய்யவேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். அவருடைய பழைய நண்பர்களோடு இரண்டு மூன்று முறை இருந்து பாருங்கள். அவர் வீட்டில் விருந்தாளியாக அல்லாமல், தேங்காய் துருவிக் கொடுக்கும் அளவுக்கு ஒரு நாள் நின்று பாருங்கள். அவர் தன் அக்கா தங்கச்சியோடு எப்படிக் கதைக்கிறார் என்று கவனியுங்கள்.

இனி எழுத்து. நீங்கள் இரண்டு வரியில் கடந்துபோன இந்த விஷயத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. எங்கள் ஆட்கள் மத்தியில் எழுத்தை நிச்சயதார்த்தத்தின் ஒரு பாகம் மாதிரிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. மோதிரம் மாற்றி, கேக் வெட்டி, பதிவாளரைக் கூப்பிட்டுக் கையெழுத்தும் வைத்துவிடுவார்கள். தாலி கட்டினால்தான் கலியாணம், அதுவரைக்கும் பிள்ளை தாய் வீட்டில்தான் என்பது எங்கள் மனதில் உள்ள கணக்கு. சட்டத்தின் கணக்கு அது இல்லை. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதிவாளர் முன்னிலையில் கையெழுத்து வைத்த அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் கணவன் மனைவி. பொன்னுருக்கவில்லை, கூறை உடுக்கவில்லை என்பதெல்லாம் நீதிமன்றத்துக்குத் தேவையில்லாத கதை.

நிச்சயதார்த்தம் முற்றிலும் வேறு. அதே சட்டம் சொல்கிறது: மணம் முடிப்பதாகச் சொன்ன வாக்கை வைத்து எந்த நீதிமன்றமும் ஒருவரைக் கட்டாயப்படுத்திக் கலியாணம் செய்துவைக்க முடியாது. வாக்குத் தவறியதற்கு நட்டஈடு கேட்கலாம், அதுவும் அந்த வாக்கு எழுத்தில் இருந்தால் மட்டும். ஆகவே மோதிரம் திரும்பிப் போனால் வீட்டில் அழுகை, சொந்தத்தில் கதை, மண்டபத்துக்குக் கட்டிய முற்பணம் நட்டம். அவ்வளவுதான். எழுத்து முடிந்தபின் பிரிவதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு. "இரண்டு பேருக்கும் சரிவரவில்லை, சேர்ந்து கேட்கிறோம்" என்று போனால் அந்தக் கட்டளைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. அதில் உள்ள காரணங்கள் மூன்று: பிறரோடு தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது, மணமுடித்த நேரத்திலேயே இருந்த தீராத உடலுறவு இயலாமை. ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டித்தான் ஆகவேண்டும். இதை மாற்றவேண்டும் என்று கனகாலமாகப் பேசுகிறார்கள். தீர்ப்பு வந்தாலும் மூன்று மாதம் பொறுத்துத்தான் அது முழுமையாகும். ஒரு நாள்கூட ஒரே வீட்டில் வாழாமல், எழுத்தை மட்டும் வைத்துவிட்டு, மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்க, நீதிமன்றம் ஏறி இறங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தி, "அக்கா, நான் கலியாணமே செய்யவில்லை, ஆனால் விவாகரத்தானவள்" என்று சொல்லி அழுதது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கனடா விஷயத்துக்கும் இது முக்கியம். அவர் தனி ஆளாக விண்ணப்பித்துவிட்டு நடுவில் எழுத்து வைத்தால், அதைக் கனடாவின் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவித்தே ஆகவேண்டும். அறிவிக்காமல் போய் இறங்கிவிட்டால், பிறகு உங்களை ஸ்பொன்சர் பண்ணும்போது பெரிய சிக்கலாக வந்து நிற்கும். "இப்போதைக்கு எழுத்து வைப்போம், அங்கே சொல்லத் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். விசாவுக்காக அவசரப்படுவதைப் பிழை என்று நான் சொல்லவில்லை, அது எங்கள் சனத்தின் நிலைமை. ஆனால் விசாவின் திகதிக்கு உங்கள் மனம் தயாராகவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

காசு விஷயத்தை நிச்சயத்துக்கு முன்பே கதையுங்கள். வாகன லீசிங், வங்கிக் கடன், கிரெடிட் கார்ட், தங்கச்சியின் கலியாணத்துக்கு அவர் ஏற்ற பொறுப்பு, வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறார், எல்லாம். சீதனம் அல்லது டொனேஷன் எதிர்பார்க்கிறார்களா என்பதையும் அவர் வாயால் கேளுங்கள், அம்மா வாயால் அல்ல. "நான் ஒன்றும் கேட்கமாட்டேன், அம்மாதான்…" என்று இழுத்தால் அந்த வசனத்தை அவர் முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அப்படியே பிள்ளைகள் வேண்டுமா, எப்போது, நீங்கள் அங்கே வேலைக்குப் போவீர்களா என்பதும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கு ஒரு இரத்தப் பரிசோதனை இருவரும் செய்துகொள்ளுங்கள். இரண்டு பேருமே அதன் காவிகளாக (நோய் இல்லாமல் அதைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்களாக) இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. காவிகளுக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

ஒன்றை மட்டும் காலத்தோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். உங்கள் ஃபோன் கடவுச்சொல்லை வாங்கி வைத்திருப்பது, எங்கே நிற்கிறாய் என்று படம் அனுப்பச் சொல்வது, கை ஓங்குவது, ஓங்கிவிட்டு அழுது மன்னிப்புக் கேட்பது இவையெல்லாம் இரண்டு வருடம் பொறுத்தால் சரியாகும் விஷயங்கள் அல்ல. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. இதை வாசிக்கும் வேறு யாருக்காவது இருந்தால், 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள்.

சரி, உங்களுக்கு என்ன சொல்கிறேன்? ஒரு வருடம் முழுதாகப் போகட்டும். ஒரு வருடத்துக்குள் வழக்கமாக ஒரு நோய், ஒரு சாவு வீடு, ஒரு வேலைப் பிரச்சினை, இரண்டு வீட்டுப் பண்டிகைகள் எல்லாம் வந்துபோகும், ஆளைப் பார்த்துவிடலாம். உங்கள் சந்திப்புகள் குறைவு என்பதால், என் கணக்கில் இன்னும் ஆறு ஏழு மாதம் நல்லது. இது 19 வருட அனுபவத்தில் வந்த என் கைக்கணக்கு, ஆராய்ச்சி முடிவு என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வீட்டாருக்குப் பொறுக்காது என்றால், ஆவணியில் இரண்டு குடும்பமும் இருந்து தேநீர் குடித்து வாய்ச்சொல் மட்டும் பேசட்டும். மோதிரமும் மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள். எழுத்தை மட்டும் கலியாணத் திகதிக்குப் பக்கத்தில் தள்ளிவையுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அவரிடம் இதை வட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். நேரே இருந்து சொல்லுங்கள்: "எனக்கு உங்களைத்தான் பிடித்திருக்கிறது. ஆனால் எழுத்துக்கு எனக்கு இன்னும் ஆறு மாதம் வேண்டும். அந்த ஆறு மாதத்தில் நாங்கள் காசையும், இருக்கப்போகும் வீட்டையும், அம்மாமாரையும் பற்றிக் கதைத்து முடிப்போம்." தன்னை நம்பவில்லையோ என்று அவர் நினைப்பாரோ எனப் பயப்படுகிறீர்கள். நினைக்கலாம், அரை மணித்தியாலம் முகம் வாடலாம், அது மனித இயல்பு. அதற்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "சரி, அம்மாவிடம் நான் கதைக்கிறேன்" என்கிறாரா, அல்லது "அம்மாவுக்கு நீயே சொல்" என்று உங்களை முன்னால் தள்ளுகிறாரா? எட்டு மாதத்தில் காலிமுகத்திடலில் உங்களுக்குத் தெரியவராத ஒன்று அந்த மாலையில் தெரியவரும்.